நெற்றியில் எண்ணெய், கன்னத்தில் வறட்சி: முகத்துக்கு எந்தக் கிரீம் வாங்கலாம்?



ஆடி மாதக் காற்று வீசிக்கொண்டிருந்த சமயம். ஆய்க்குடிப் பகுதியில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் வசூலித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. எழுந்திரிக்கப் போகும்போது ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "மேடம், எனக்கு நெத்தியும் மூக்கும் எண்ணெ வழியுது. கன்னம் மட்டும் சொரசொரன்னு வறண்டு கெடக்கு. இதுக்கு என்னத்தப் போட?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா பையில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். "இதப் போடு மதினி. ஒரே வாரத்துல மங்கெல்லாம் போயி முகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. தவணையில தாராங்க" என்றார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். யார் செய்தது, எப்போது செய்தது, உள்ளே என்ன இருக்கிறது, ஒரு எழுத்துகூட இல்லை. முதல் அக்கா கேட்டது சாதாரண சந்தேகம்தான். ஆனால் அதற்குக் கிடைத்த பதில் ஆபத்தானது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

ஒரே முகத்தில் இரண்டு வகைத் தோல்

நம் தோலுக்கு அடியில் எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் இருக்கின்றன. இவை நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும். கன்னத்தில் குறைவு. அதனால் பலருக்கு முகத்தின் நடுப்பகுதி எண்ணெய்ப் பசையாகவும், இரண்டு கன்னமும் வறண்டும் இருக்கும். இதைத்தான் கலப்புத் தோல் என்கிறோம். இது நோய் இல்லை. பயப்பட வேண்டாம்.

உங்கள் தோல் எந்த வகை என்று காசு செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் முகம் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு மெல்லிய வெள்ளைத் தாளை நெற்றி, மூக்கு, தாடை, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வடை வைத்த தாள் மாதிரி நெற்றியும் மூக்கும் ஒற்றிய இடம் மட்டும் எண்ணெய் ஊறித் தெரிந்து, கன்னம் ஒற்றிய இடம் அப்படியே இருந்தால் உங்களுக்குக் கலப்புத் தோல்.

நம் ஊர்ப் பருவமும் இதைக் கூட்டிக் குறைக்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பலமாக வரும். குற்றாலத்தில் சாரல் விழும்போது வயல்காட்டில் நமக்குக் காற்றுதான் அதிகம். அந்தக் காற்று தோலில் உள்ள ஈரத்தை இழுத்துவிடும். பங்குனி, சித்திரையில் வியர்வையும் எண்ணெயும் கூடும். ஆகவே வருஷம் முழுக்க ஒரே அளவில் ஒரே கிரீமைத் தடவ வேண்டும் என்பதில்லை.

முதலில் கழுவுகிற முறையை மாற்றுங்கள்

எண்ணெய் வழிகிறது என்று நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போடுகிறவர்கள் உண்டு. தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை உடையது. சாதாரணக் குளியல் சோப்பு காரத்தன்மை உடையது. அடிக்கடி போட்டால் தோலைக் காக்கிற எண்ணெய்ப் படலம் போய்விடும். முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும், கன்னம் இன்னும் வறளும்.

காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை மென்மையான சோப்பு போதும். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பீடி சுற்றுகிற சகோதரிகள் ஒன்றைக் கவனிக்கவும். பீடித்தூள் ஒட்டின கையால் முகத்தைத் துடைத்தால் எரிச்சலும் அரிப்பும் வரலாம். கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் முகத்தைத் தொட வேண்டும். எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை இவற்றை முகத்தில் போட வேண்டாம். தோல் புண்ணாகிவிடும்.

மாய்ஸ்சரைசர் என்ன வேலை செய்கிறது?

கடையில் விற்கிற ஈரப்பதக் கிரீம், லோஷன் எல்லாவற்றையும் மாய்ஸ்சரைசர் என்கிறார்கள். அதில் மூன்று வகைப் பொருள்கள் கலந்திருக்கும்.

ஒன்று, ஈரத்தை இழுத்து வைப்பது. கிளிசரின் இதற்கு நல்ல உதாரணம். சோப்புத் தயாரிப்பில் கூடவே கிடைக்கிற பொருள்தான் இது. சோப்புப் பயிற்சி எடுத்த குழுவினருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு, சொரசொரப்பை நிரப்பித் தோலை மிருதுவாக்குவது.

மூன்று, மேலே மூடி போட்ட மாதிரி இருந்து ஈரம் வெளியேறாமல் தடுப்பது. வாசலின் என்று நாம் சொல்கிற பெட்ரோலியம் ஜெல்லி இந்த வகை.

கலப்புத் தோல் உள்ளவர்கள் முதல் வகை அதிகமாகவும் மூன்றாம் வகை குறைவாகவும் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். கையில் ஊற்றினால் ஓடுகிற மாதிரி, தண்ணீர் அதிகம் சேர்ந்த லோஷன் ஏற்றது. வெண்ணெய் போலக் கெட்டியான கிரீம் முகம் முழுக்க வேண்டாம். காற்றுக் காலத்தில் கன்னத்துக்கு மட்டும் போடலாம். வாசலின் உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் நல்லது, நெற்றிக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெயைக் கை காலுக்குத் தாராளமாகத் தடவலாம். நெற்றி, மூக்கில் தடவினால் பலருக்குத் துவாரம் அடைத்துப் பரு வரும்.

"லோஷன் வாங்கக் காசில்லை" என்பவர்களும் உண்டு. மருந்துக்கடையில் கிளிசரின் சின்னப் பாட்டிலாகவே கிடைக்கிறது. அதை அப்படியே தடவக்கூடாது. ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் சேர்த்துத் தடவலாம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். கலந்து வைத்தால் கிருமி சேரும்.

வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்

எழுத்துகள் பொடியாக ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கிற பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை இவை:

1. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண் இருக்கிறதா?
2. எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கிறதா?
3. அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கிறதா?
4. சேர்மானப் பட்டியலில் கிளிசரின் முன்னால் வருகிறதா? அதிகமாக உள்ள பொருளைத்தான் முதலில் எழுதுவார்கள்.
5. 'நான்-காமெடோஜெனிக்' என்று இருந்தால், துவாரத்தை அடைக்காத வகை என்று கம்பெனி சொல்கிறது என்று பொருள்.
6. 'பர்ஃபியூம்' அல்லது 'ஃப்ராக்ரன்ஸ்' இல்லாதது நல்லது. வாசனை தூக்கலாக இருந்தால் உசத்தி என்று நினைக்கிறோம். ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அந்த வாசனைப் பொருளால்தான்.

முதலில் சின்ன டியூபாக வாங்குங்கள். வாங்கிய உடனே முகத்தில் பூசாமல், முழங்கை மடிப்பின் உட்பக்கம் காலை, மாலை கொஞ்சம் தடவி ஒரு வாரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடலாம். முகம் கழுவித் துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பட்டாணி அளவு எடுத்து முதலில் கன்னத்தில் தடவுங்கள். கையில் மிச்சம் ஒட்டியிருப்பது நெற்றிக்கும் மூக்குக்கும் போதும்.

அட்டை இல்லாத டப்பாவில் என்ன இருக்கலாம்?

ஈரப்பதக் கிரீம் யாரையும் வெள்ளையாக்காது. ஒரு வாரத்தில் நிறம் மாறுகிறது என்றால் உள்ளே வேறு எதுவோ இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பொருள்கள்.

முதலாவது பாதரசம். தோலுக்கு நிறம் தருகிற பொருள் உண்டாவதை இது தடுக்கும். அதோடு நிற்காது. தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசிகிற ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் கண்டறியப்பட்டார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெள்ளையாக்கும் கிரீம் தடவி வந்தவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். அதே 2023-ஆம் ஆண்டு கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை நடத்தியது.

முகக் கிரீமில் பாதரசம் சேர்த்துச் செய்வது நம் நாட்டுச் சட்டப்படி தவறு. தெரியாமல் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2020-இல் வந்த அழகுசாதன விதிகள் சொல்கின்றன. 'தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது' என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள். பாதரசம் இருப்பதற்கு அது ஒரு அடையாளம். நகைக்கே ஆகாதது முகத்துக்கு ஆகுமா? தடவிய கையும் முகமும் பட்டு, மடியில் கிடக்கிற பிள்ளைக்கும் இது போய்ச் சேரும். முகம், கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ தாமதிக்காமல் பரிசோதனை செய்யுங்கள்.

இரண்டாவது ஸ்டீராய்டு மருந்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்களில் வரும். இவை தோல் நோய்க்கு மருத்துவர் எழுதித் தருகிற மருந்துகள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் மேற்பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. முகக் கிரீம் போலத் தினமும் பூசினால் முதலில் பளபளப்பாகத்தான் இருக்கும். போகப் போகத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வெடித்து, முகத்தில் முடியும் வளரும். நிறுத்தினால் எரிச்சல் தாங்க முடியாமல் திரும்பவும் அதையே தேடுவார்கள். மாதக்கணக்கில் பூசியவர்கள் மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துவது நல்லது.

மங்குக்கு என்ன செய்வது?

கன்னத்தில் கருமையாகப் படர்கிற மங்கு, கர்ப்ப காலத்திலும் அதற்குப் பிறகும் பலருக்கு வரும். வெயில் அதை அதிகமாக்கும். நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் தலையில் துண்டோ தொப்பியோ போட்டு முகத்துக்கு நிழல் தாருங்கள். தென்காசி அரசு மருத்துவமனையில் காட்டலாம். சிக்கல் பெரிதாக இருந்தால் பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. செலவில்லாமல் பார்க்கலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை

அந்த டப்பாவைக் காட்டிய அக்காவிடம் தனியாகப் பேசினோம். தனக்காக மட்டும் அவர் வாங்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மகளை "நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து அந்தப் பிள்ளையும் இதையே தடவுகிறாளாம். எங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. 1975 முதல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று விற்ற கிரீமின் பெயரில் இருந்து, வெள்ளை என்று பொருள்படும் சொல்லையே அந்தக் கம்பெனி 2020-இல் எடுத்துவிட்டது. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது, பெண் பார்க்க வருகிறவர்களின் பேச்சு இன்னும் மாறவில்லை. கந்து வட்டியை எதிர்த்து நின்ற நம் குழுக்களால், "எங்க பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்க முடியாதா?

அம்மாவும் மகளும் இப்போது அந்தக் கிரீமை விட்டுவிட்டார்கள். இருவரையும் அழைத்துப் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்குத்தான் எங்களுக்கும் நிம்மதி.

குழுக்கள் செய்ய வேண்டியது

குழுக் கூட்டம் சேமிப்புக்கும் கடனுக்கும் நம் பிரச்சினைகளைப் பேசவும்தான். அங்கே வந்து தவணையில் கிரீம் விற்க யாரையும் அனுமதிக்க வேண்டாம். இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற கிரீம், ஆயின்ட்மென்ட் எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லோரும் சேர்ந்து அட்டையைப் படிப்போம். அட்டை இல்லாததைத் தனியே எடுத்து வைப்போம்.

முதலில் சந்தேகம் கேட்ட அக்கா இப்போது ஒரு சாதாரண லோஷனைக் கன்னத்துக்கு மட்டும் போடுகிறார். "நெத்தியில எண்ணெ இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது மேடம், ஆனா எரிச்சல் இல்ல" என்கிறார். அது போதும் சகோதரிகளே!