உட்கூரை உதிர்வும் நீரின் இருவினையும்

பரப்பொன்றின் மேல் குழைவாக இடப்பட்டு, பின்னர்க் கெட்டியாகி, அப்பரப்போடு ஒன்றி நிற்கும் மெல்லடுக்கே பூச்சு எனப்படும். அவ்வடுக்கைச் சிதறாது காப்பது தன்பிணைவு. தான் படிந்த பரப்பை விடாது பற்றச் செய்வது பிறபிணைவு. தன்பிணைவு குன்றின் பூச்சு பொடியாய் உதிரும். பிறபிணைவு குன்றின் ஏடாய் உரியும். குளியலறை உட்கூரையில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழக் காணலாம்.

1950-களுக்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் எழுந்த வீடுகளில், பொரிசோளப் பூச்சு என மக்கள் அழைத்த புடைப்புப் பூச்சைக் குழலால் பீய்ச்சி உட்கூரையில் அப்புவது பெருவழக்காயிற்று. சிப்சம் பலகைகளின் மூட்டுகளை மழமழப்பாக்கும் உழைப்பை அது மிச்சப்படுத்தியது; எதிரொலியையும் சிறிது அடக்கியது. குறைமறைப்பே அணியெனப் பெயர் பெற்றது என்பேன்.

30 பாகை வெப்பமுள்ள காற்று, கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் ஏறத்தாழ 13 கிராமே தாங்கும். பனிக்காலத்தில், வெப்பக்காப்பு நலிந்த கூரையின் அடியில் உட்கூரை குளிர்ந்து கிடக்க, வெந்நீர்க் குளியலில் எழுந்த ஆவி அதனைத் தொட்டுக் குளிர்ந்து, தாங்கமாட்டாத மிகையை நீராய் விடுகிறது. வண்ணம் பூசப்படாத புடைப்புப் பூச்சோ அந்நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

உறிஞ்சியபின் நிகழ்வதை அறியப் பூச்சுகள் கெட்டியாகும் முறையை இரண்டாகப் பகுத்தல் வேண்டும். நீர் வெளியேறுவதால் கெட்டியாவது உலர்பட்டி. நீர் உள்ளே இணைவதால் கெட்டியாவது இறுகுபட்டி. முன்னதில் நீர் வெறும் ஊர்தியே ஆதலால், அது திரும்பி வரின் பட்டி மீண்டும் குழையும். பின்னதில், சுட்ட சிப்சத்தூள் தான் இழந்த நீரை மீளப் பெற்று, வெப்பம் உமிழ்ந்து, ஊசி ஊசியான பளிங்குகளாய்ப் பின்னிக்கொள்கிறது. அங்கே நீர் கட்டமைப்பின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது. புடைப்புப் பூச்சு முன்வகையைச் சார்ந்தது. அதனை உதிர்க்கும் அதே இயல்பே அதனை அகற்றவும் துணைநிற்கிறது: நீரைத் தூவிச் சிறிது பொறுத்தபின், பட்டித்தகடு எளிதாய் வழித்தெடுக்கும்.

எனினும் தகட்டைத் தொடுமுன் ஆய்வகச் சான்று தேவை. பழைய பூச்சுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றை விளைவிக்க வல்லன. 1978-இல் ஐக்கிய நாட்டில் அத்தகைய பூச்சைப் பீய்ச்சுவது தடுக்கப்பட்டது. ஆயினும் எஞ்சிய சரக்கு பின்னரும் பயன்பட்டமையால், 1980-களின் தொடக்கத்து வீடுகளையும் ஐயுறுதல் தகும். கல்நார் உண்டெனின், பயிற்சி பெற்ற பணியாளரிடமே அவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.

இல்லையெனின், தளர்ந்ததை வழித்து, பலகையை முற்றும் உலரவிட்டு, பள்ளங்களை இறுகுபட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, கறை மறைக்கும் அரக்கு அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் ஈரந்தாங்கும் வண்ணம் பூசலாம். புடைப்பை மீண்டும் இடுவோர் உளர். குளியலறைக்கு மழமழப்பான பரப்பே மேல். மணித்துளிக்கு 50 கன அடிக் காற்றையேனும் வெளியேற்றும் விசிறியும் அங்குத் தேவை. அதன் குழாய் கூரையைத் துளைத்து வெளிவானில் திறத்தல் வேண்டும், கூரையிடைவெளியில் திறந்தால் அதே ஆவி அதே பலகையை மேற்புறமிருந்து நனைக்கும்.