டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் மாட்டினால்...

அம்பாசிடர் காரைப் பார்க்காதவங்க நம்மில் இருக்க முடியாது. 2014-இல் உற்பத்தி நின்றுபோனாலும் வண்டிகள் இன்னும் ஓடுது. அதில் ரொம்பப் பழசான வண்டிகளில் மின்சாரம் தருவது டைனமோ. இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது சார்ஜ் ஏற்றாது. ராத்திரி ரயில்வே கேட்டில் ஹெட்லைட்டோடு நின்றால் பேட்டரிதான் காலி! அதனால்தான் ஆல்டர்நேட்டருக்கு மாத்துறாங்க.

“பழைய ஒயரையே இதிலும் மாட்டிட்டா போச்சு” என்று நினைப்பதுதான் ஆபத்து. பழைய டைனமோ சுமார் 22 ஆம்பியர் தரும். ஆல்டர்நேட்டர் 35 வரை தரும். ஜூல் விதி படிச்சோமே, வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். கணக்குப் போட்டுப் பாருங்க, அதே ஒயரில் இரண்டரை மடங்கு சூடு! பெட்ரோல் வண்டியில் ஒயர் உருகினால் என்ன ஆகும்? எனவே தடிமனான புது ஒயர் போட்டு, நடுவில் ஃபியூஸ் வைத்து, பேட்டரியின் பாசிட்டிவுக்குக் கொண்டுபோகணும்.

டைனமோவுக்குத் துணையாக இருந்த கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலை இல்லை. இப்போது வரும் ஆல்டர்நேட்டர்களில் ரெகுலேட்டர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கு. ஆனால் லைட்டு, ஹாரனுக்கான கரண்டும் அந்தப் பெட்டி வழியாகப் போகலாம். அதை அநாதையா விட்டுடாதீங்க!

இன்னொன்று: 1950-களின் சில பிரிட்டிஷ் வண்டிகளில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை. அதைப் பார்க்காமல் சாதாரண ஆல்டர்நேட்டரை இணைத்தால் டயோடுகள் நொடியில் காலி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டேஷ்போர்டில் இருக்கும் சின்னச் சிவப்பு சார்ஜிங் லைட். சும்மா எச்சரிக்கை விளக்குன்னுதானே நினைக்கிறோம்? ஆல்டர்நேட்டர் ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தம் ரொம்பக் குறைவு. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து இந்த பல்பு வழியாகத்தான் கொஞ்சம் கரண்ட் போய் ரோட்டரைக் காந்தமாக்குது. அதற்கு 2 வாட் பல்பே போதும். ஆல்டர்நேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ். மின்னழுத்த வேறுபாடு இல்லை, விளக்கு அணைஞ்சிடும். எங்கள் அறிவியல் சாருக்கு இந்த உதாரணம் பிடிக்கும்!

அந்த பல்பு ஃபியூஸ் போனால், புத்தம்புது ஆல்டர்நேட்டர்கூட சார்ஜ் ஏற்றாமல் சும்மா சுத்தும். பாவம், அதைக் கெட்டுப்போச்சுன்னு கழற்றுவாங்க. சாவி போட்டும் விளக்கு எரியலையா? முதல்ல பல்பைப் பாருங்க. எல்லாம் சரியென்றால், இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் சுமார் 14 வோல்ட் காட்டும். சோதிக்கிறேன்னு ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரை மட்டும் கழற்றிடாதீங்க, டயோடு போயிடும்.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்