விளைச்சல் யாருக்கு? காத்லீன் கஃப் எழுப்பிய வினா

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்களைக் கண்டு வியப்போர் பலர். அவற்றை நிரப்பிய நெல்லை விளைவித்தவர் யார், அவருக்குக் கிட்டிய பங்கு எவ்வளவு என வினவுவோர் சிலரே. இத்தகைய வினாவைத் தமிழகச் சிற்றூர்களில் எழுப்பியவர் சமூக மானிடவியலாரான காத்லீன் கஃப் அம்மையார் (1925–1990).

இங்கிலாந்தில் பிறந்த இவர், 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரு சிற்றூர்களை ஆய்ந்தார். அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என்னும் பிரிவினையைச் சமய ஆசாரத்தின் விளைவாக மட்டும் அவர் கொள்ளவில்லை; நிலவுடைமையோடும் கூலியுழைப்போடும் அது பின்னிக்கிடப்பதை மார்க்சிய நோக்கில் விளக்கினார். 1976இல் மீண்டும் வந்து, நேர்ந்த மாற்றங்களை ஆய்ந்தார். 1981லும் 1989லும் வெளிவந்த இரு நூல்கள் இவ்வுழைப்பின் பயன்.

தம் துறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மானிடவியல் ஏகாதிபத்தியத்தின் குழந்தை என 1968இல் எழுதினார். 1962இல் கியூபாவுக்கு ஆதரவாகப் பேசியதன் விளைவாக, அமெரிக்காவின் பிரான்டைஸ் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்க நேரிட்டது.

1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்புத் திருநாளின் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வுக்கான போராட்டத்தையொட்டித் தலித் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இக்கொடுமையின் வேரை அறிய அம்மையாரின் ஆய்வு துணைசெய்கிறது. மார்க்சியத்தை முழுதும் ஏற்காதோரும் இதனைக் கற்கலாம். சபையார் எத்தெருவில் வாழ்கின்றனர் என்பதோடு, யார் நிலத்தில் என்ன கூலிக்கு உழைக்கின்றனர் என்பதையும் அறியாத மேய்ப்புப்பணி, ஆடுகளை அறிந்த பணியாகாது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.