ரேஷன் பையில் என்ன இருக்க வேண்டும்?

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் ரேஷன் அட்டையைக் காட்டி யாரும் கோலா வாங்க முடியாது. அரிசி, கோதுமை, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில் என்று அரசு எதை அனுப்புகிறதோ அதுதான் கிடைக்கும். அதனால், அரசின் உணவு உதவியில் குளிர்பானமும் நொறுக்குத் தீனியும் சேரலாமா என்று அமெரிக்காவில் நடக்கும் வாதம் நமக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், அதே கேள்வி வேறு உருவத்தில் சேர்வராயன் மலையிலும் இருக்கிறது.

முதலில் அமெரிக்காவில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். அங்கே ஏழைக் குடும்பத்துக்கு அரசு பொருளாகத் தருவதில்லை. மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் ஏற்றுகிறது. 'ஸ்னாப்' என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ நாலு கோடிப் பேர் அதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். மது, புகையிலை, கடையில் சமைத்த சூடான உணவு ஆகியவற்றை அந்த அட்டையில் வாங்க முடியாது. கோலாவும் மிட்டாயும் அண்மைக்காலம் வரை எங்கும் வாங்க முடிந்தது. 1964-ல் உணவுக் கூப்பன் சட்டம் உருவானபோதே குளிர்பானத்தை விலக்கலாமா என்ற பேச்சு எழுந்து, நிறைவேறாமல் போனது. 2010-ல் நியூயார்க் நகரம் விலக்க அனுமதி கேட்டது. அடுத்த ஆண்டு மத்திய வேளாண் துறை மறுத்துவிட்டது. 2025 மே மாதம் காற்று திசை மாறியது. நெப்ராஸ்கா மாநிலம் முதலாவதாக அனுமதி பெற்றது. அதன்படி 2026 ஜனவரி முதல் அங்கே இந்த அட்டையில் குளிர்பானம் வாங்க முடியாது. வேறு மாநிலங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன.

தடை வேண்டும் என்பவர்களின் கேள்வி எளிமையானது: சத்துக்காகக் கொடுக்கும் வரிப்பணம் ஏன் சர்க்கரைத் தண்ணீருக்குப் போக வேண்டும்? வேண்டாம் என்பவர்களும் பொருளோடுதான் பேசுகிறார்கள். பணக்காரர் என்ன குடிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, ஏழையிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்க வேண்டும்? அட்டையில் வாங்க முடியாததைக் கைக்காசு போட்டு வாங்கிக்கொள்வார்கள், அப்போது தடையால் என்ன பயன்? இரண்டாவது தரப்பின் கேள்விகள் எனக்குக் கனமாகப் படுகின்றன. பில் போடும் இடத்தில், பின்னால் நிற்பவர்கள் பார்க்க, 'இது உங்கள் அட்டைக்குக் கிடையாது' என்று கேட்டுக்கொண்டு நிற்பது சின்ன அவமானமில்லை.

நம் ஊரில் தேர்வு குடும்பத்தின் கையில் இல்லை, அரசின் கையில் இருக்கிறது. ஆகவே இங்கே நாம் அரசைத்தான் கேட்க வேண்டும்: நீங்கள் பையில் போடுவது சரியா?

தமிழ்நாட்டின் பொது விநியோகத் திட்டம் பெருமைப்படத் தக்கது. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாக இருந்த அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசம். மலையில் பல ரேஷன் கடைகளை லேம்ப் சங்கம் என்று மக்கள் சொல்லும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. மாரமங்கலம், வெள்ளக்கடை, செம்மநத்தம் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களும், காபித் தோட்டத்துக் கூலிக் குடும்பங்களும் பட்டினி இல்லாமல் மாதத்தைக் கடப்பதில் இந்த அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு. கூலி வேலையில் ரேகை தேய்ந்த விரலைக் கருவியில் திரும்பத் திரும்ப வைத்து எடுத்து, அரிசிப் பையைத் தலையில் தூக்கி மேட்டில் நடந்து போகும் பெண்ணுக்கு அந்த அரிசியின் மதிப்பு நன்றாகவே தெரியும்.

ஆனால் அதே பையில் சர்க்கரையும் இருக்கிறது. ஆளுக்கு அரை கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 25 ரூபாய். அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. அரை கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் வரும். உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரேஷன் சர்க்கரையிலேயே முடிந்துவிடுகிறது. 250 மில்லி கோலாவில் இருப்பதும் ஏறக்குறைய 25 கிராம்தான். அதாவது கோலா வராத ரேஷன் கடையிலிருந்தே முக்கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவான சர்க்கரை, ஆளுக்குத் தினமும் வீட்டுக்கு வருகிறது. போதாக்குறைக்கு, அரிசி வேண்டாம் என்று சர்க்கரை அட்டை வாங்கியவர்களுக்கு ஈடாகக் கிடைப்பது கூடுதல் சர்க்கரை.

சர்க்கரையை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. மலைக் குளிரில் வேலைக்குக் கிளம்புபவருக்கு இனிப்பான ஒரு டம்ளர் டீ ஆடம்பரம் கிடையாது. ஆனால் அட்டைக்கு 2 கிலோ சர்க்கரை, ஒரே ஒரு கிலோ பருப்பு என்ற கணக்கை எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையில் கூட வேண்டியது பருப்பும் சிறுதானியமும்.

நொறுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? பக்கத்துப் பெட்டிக்கடையிலிருந்து. ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். கீழே பத்து ரூபாய்க் கலர் பாட்டில்கள். 2025 செப்டம்பரிலிருந்து சர்க்கரை சேர்த்த குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதே நாளில் பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ் ஆகியவற்றின் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. உப்பும் எண்ணெயும் மிகுந்த பாக்கெட்டுக்கு இந்தச் சலுகை தந்தது தவறு என்பேன். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. பள்ளியும் கடையும் வீடுகளும் ஒரே மேட்டில் நெருங்கிக் கிடக்கும் மலைக் கிராமத்தில் அந்த 50 மீட்டரை அளப்பது யார்?

பாக்கெட் பண்டம் அரசுத் திட்டத்துக்குள்ளேயே நுழையப் பார்த்த கதையும் உண்டு. 2007 கடைசியில், பள்ளிகளில் சூடான மதிய உணவுக்குப் பதில் பிஸ்கட் கொடுக்கலாம் என்று பிஸ்கட் உற்பத்தியாளர் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதியது. இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதை அப்போதைய மத்திய அமைச்சர் அர்ஜுன் சிங்குக்குப் பரிந்துரைத்தார்கள். சத்துணவு வல்லுநர்களைக் கேட்டுவிட்டு அமைச்சகம் மறுத்தது. அது நடந்திருந்தால் 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுக்கும் பின்னாளில் அதில் சேர்ந்த முட்டைக்கும் என்ன கதி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்று அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று சாம்பாரோடு கிடைக்கிறது.

'பொருளே வேண்டாம், அமெரிக்கா மாதிரி பணமாகக் கொடுத்துவிடலாமே' என்பார்கள் சிலர். புதுச்சேரி அதைச் செய்து பார்த்தது. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. மக்கள் அரிசியையே கேட்டார்கள். 2024 அக்டோபரில் கடைகளை மறுபடி திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். விலை ஏறினாலும் அரிசியின் அளவு குறையாது. பணத்துக்கு அந்த உறுதி கிடையாது. சந்தைக்கு மலையிறங்கிப் போய்வர வேண்டியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆகவே என் கட்சி இதுதான்: ரேஷன் பொருளாகவே வரட்டும், குடும்பத்தின் கைக்காசை யாரும் வேவு பார்க்க வேண்டாம், பையில் இருப்பதை மாற்றுங்கள். இதற்கு முன்மாதிரியை வெளியே தேட வேண்டியதில்லை. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. தருமபுரி சேலத்துக்கு அடுத்த மாவட்டம். சேர்வராயன் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகும் சாமையும் விதைத்து உண்டவர்கள். ரேஷன் அரிசி வந்தபின் களியும் சாமைச் சோறும் அன்றாடத் தட்டிலிருந்து விலகத் தொடங்கின. 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் இருக்கிறது. மலையில் விளைவதை லேம்ப் சங்கம் நல்ல விலைக்குக் கொள்முதல் செய்து, அதே மலையின் ரேஷன் கடையில் கொடுத்தால் விதைப்பவருக்கும் வருமானம், உண்பவருக்கும் சத்து.

ஏற்காடு ஒன்றியத்தில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக்குப் போகும்போது இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுங்கள்: விரும்பும் அட்டைக்கு அரிசியில் ஒரு பங்குக்கு ஈடாகக் கேழ்வரகு அல்லது சாமை, சர்க்கரை வேண்டாம் என்பவருக்கு அதே மதிப்பில் கூடுதல் பருப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றும்வரை அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.