சிறிய தசை, சீரிய கடி

வாலில்லாக் குரங்குகளோடு ஒப்பிட்டால் மனிதனின் கடி வலுவற்றது என்பதே நம்மிடையே நிலவும் எண்ணம். ஆண் கொரில்லாவின் உச்சந்தலையில் எலும்பு முகடு ஒன்று உண்டு. தாடையை இயக்கும் பெருந்தசைகள் அதனைப் பற்றி நிற்கின்றன. நமக்கோ அத்தசை நெற்றிப்பொட்டின்மேல் மெல்லியதாகவே படர்ந்துள்ளது. பற்களைக் கடித்தவாறு அங்கு விரல் வைத்தால் அதன் அசைவை உணரலாம்.

ஆயினும், 2010ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரோ குழுவினர், மண்டையோடுகளின் கணினி மாதிரிகளை ஒப்பிட்டபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றைவிட மனிதத் தாடை 40 முதல் 50 விழுக்காடு கூடுதல் திறனுடன் கடிக்கிறது. கொரில்லாவின் வலிமை தசையின் பருமனால் வருவது. நமது வலிமை அமைப்பினால் வருவது. முகம் தட்டையாகித் தாடை குறுகியதால், கடைவாய்ப் பற்கள் தாடை மூட்டை நெருங்கி அமைந்துள்ளன. பாக்குவெட்டியின் மூட்டருகே வைத்த பாக்கு எளிதில் உடைவது இதனால்தான். குறைந்த முதலில் நிறைந்த ஈட்டம் என்று இதனை நாம் கூறலாம்.

ஆனால் இத்திறனுக்கும் எல்லை உண்டு. ஒரு பக்கக் கடைவாயால் மிகக் கடினமான பொருளைக் கடிக்கும்போது, அதே பக்கத் தாடை மூட்டு விலகும் வகையில் இழுபடக்கூடும் என்று 2016ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. தேய்ந்த பற்சிப்பியோ மீண்டும் வளர்வதில்லை; வைப்புத்தொகைக்கு உள்ள வட்டி அதற்கு இல்லை. சோடா மூடியைத் திறக்கவும் கொட்டைகளை உடைக்கவும் கருவிகள் உள்ளன. பற்களை உணவுக்கென்றே பேணிக் காப்போம்.