கண்ணுள் வினைஞரின் கைப்பொருள்

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்று குறிக்கின்றது. காண்பவர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துபவர் என நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் விரிப்பார். தொழில் கண்ணில் நின்றுவிடுகின்றது. தொழிலாளி எங்கே நிற்கின்றார் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். மாதச் சம்பளமின்றி, கதைக்கு ஒரு படம், நூலுக்கு ஓர் அட்டை எனத் தனித்து உழைக்கும் பத்திரிகை ஓவியரின் வாழ்வும், தம் படங்களை இணையத்தில் காட்சிக்கு வைக்கும்போது அவர் எய்தும் நிலையும் ஈண்டு நோக்கப்பெறுகின்றன.

‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தபோது, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் முகம் தந்தவர் ஓவியர் மணியம். இன்றும் அப்பெயர்களைக் கேட்டவுடன் பலர் மனத்தில் எழுவது எழுத்தா, கோடா என்று பிரித்துச் சொல்லல் அரிது. தஞ்சையில் 1924இல் பிறந்த கோபுலு ‘ஆனந்த விகட’னில் வளர்ந்து, ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு உருவம் தந்து, 1960களில் விளம்பரத் துறைக்குச் சென்றார், 1972இல் சொந்த விளம்பர நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகினார் என்பது அவரை அறிந்தோர் வியந்து கூறும் செய்தி. வியப்பிற்கு அப்பாலும் அதில் ஓர் உண்மை உண்டு. கையையே முதலாகக் கொண்ட தொழிலில், கை நின்றால் கடை சாத்தப்படும். சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. தனித்து உழைப்பவருக்கு அது இல்லை.

அவர்தம் பணிமுறையைச் சிறிது விரித்துரைக்கலாம். கதை கைக்கு வருவது பெரும்பாலும் இதழ் அச்சேறுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான். படித்து, எந்தக் கணத்தை வரைவது என்று தெரிந்தெடுத்தல் முதற்பணி. கதையின் முடிவைப் படம் காட்டிக்கொடுத்துவிடலாகாது. அதேவேளை வாசகரை இழுக்கவும் வேண்டும். இத்தேர்விலேயே ஓவியரின் புலமை விளங்கும். பென்சிலால் மாதிரி, பின்னர் இந்திய மையில் கோடு. துத்தநாக பிளாக்கில் அச்சடித்த காலத்தில், மட்டமான செய்தித்தாளில் நுண்ணிய சாயல்கள் அப்பிக்கொள்ளும். ஆகையால் கோட்டாலும் புள்ளியாலும் நிழலைக் காட்டும் முறை தழைத்தது. நாம் அழகு என்று போற்றும் அப்பாணியில் ஒரு பாதி அச்சகத்தின் குறைபாடு தந்த கொடை எனல் மிகையன்று. ஆப்செட் வந்தபின் வண்ணப் பூச்சுக்கு வழி பிறந்தது. இன்று பலர் மின்பலகையில் எழுத்தாணியால் வரைகின்றனர். அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஏ4 தாளளவுப் படம் 2480க்கு 3508 புள்ளிகள் கொண்டதாகின்றது. கருவி மாறினும், “நாளைக் காலைக்குள் வேண்டும்” என்ற தொலைபேசிக் குரல் மாறவில்லை.

ஊதியம் வருவதோ பெரும்பாலும் படம் அச்சான பின்னர். கதை தள்ளிவைக்கப்பட்டால் கூலியும் தள்ளிப்போகும். தீபாவளி மலர்க் காலத்தில் உறக்கமில்லை. அடுத்த மாதங்களில் வேலையில்லை.

இவற்றினும் நுட்பமானது உரிமைச் சிக்கல். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இங்குக் கருதத்தக்கது. இதழில் சம்பளத்திற்கு அமர்ந்து அவ்விதழுக்கென வரைந்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்கு. ஏனைய உரிமைகள் ஓவியருக்கே. ஆனால் தனித்து உழைப்பவர் பிறர் கேட்டுக்கொண்டபடி பணம் பெற்று வண்ண ஓவியமோ உருவப்படமோ தீட்டினால், ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமையாளர் கேட்டவரே ஆகின்றார்! தன்னுரிமையோடு உழைப்பவருக்குச் சட்டம் தரும் உரிமை சம்பளக்காரருக்குத் தருவதினும் குறைவு. இம்முரணை ஓவியர் பலர் அறியார். கோட்டுச் சித்திரம் என்ற சொல் அவ்வுட்பிரிவில் இல்லாமையால் அதுபற்றி வாதிட இடமுண்டு. வாதிட வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம்தான் இராது. எனவே ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பமிடுதலே தக்கது. எழுத்துவழி உரிமை மாற்றத்தில் காலம் குறிக்கவில்லையெனில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கவில்லையெனில் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கின்றது. உரிமை எவரிடம் சென்றாலும், ‘இது நான் வரைந்தது’ என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு ஓவியரிடமே நிறுத்துகின்றது. காப்புக் காலம் ஓவியர் மறைவிற்குப்பின் 60 ஆண்டுகள். 1968இல் மறைந்த மணியத்தின் படங்களுக்கு 2028 முடியக் காப்பு உண்டு.

இணையம் ஓவியருக்குத் தந்த நன்மை பெரிது. முன்னர், படங்களை உறையில் சுமந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர்; வெளியூர்க்காரர் சென்னைக்கே குடிபெயர வேண்டியிருந்தது. இன்று திருநெல்வேலியில் இருந்தவாறே இன்ஸ்டாகிராமில் படங்களை அடுக்கி, சிங்கப்பூரில் உள்ளவரிடம் பணி பெறலாம். ஆயின் காட்சிக்கு வைத்த பொருள் களவுக்கும் எளிது. அகலம் 1000 புள்ளிக்கு மேற்படாத சிறு படிவத்தையே வெளியிடுவோர் உளர். அதனை நல்ல அச்சில் ஏறத்தாழ மூன்றேகால் அங்குலத்திற்கு மேல் விரிக்க இயலாது என்பது அவர்தம் கணக்கு. ஆனால் 2022 முதல் பரவிய படமாக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் இக்கணக்கைக் குலைத்தன. அவற்றிற்குப் பெரிய படிவம் வேண்டா, பாணியே போதும். தம் படங்களைக் கேளாமலே பயிற்சிக்கு எடுத்தாண்டனர் என்று 2023 ஜனவரியில் மூன்று ஓவியர் ஸ்டெபிலிட்டி ஏஐ முதலிய நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர், மனிதக் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத மாறுதல்களைப் படத்தில் கலந்து கருவியைக் குழப்பும் ‘கிளேஸ்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். பூட்டும் சாவியும் போட்டியிடும் இக்கதை இன்னும் முடியவில்லை.

இவ்வளவும் எழுதும் யானும் குற்றமற்றவன் அல்லேன். பல்லாண்டுகட்கு முன்னர், வேறோர் ஊரில், ஒரு மலர்க்குழுவில் இருந்தேன். உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் அட்டைப்படமும் உட்படங்கள் ஆறும் வாங்கினோம். விழாவில் பொன்னாடை போர்த்தி, மலர்ப்படி இரண்டு தந்தோம். பணம் பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. மலரைப் புரட்டிப் பார்த்தவர் அட்டையின் கீழ் மூலையைத் தடவியவாறு நின்றார். அச்சகத்தில் ஓரம் வெட்டியபோது அவர் கையொப்பமும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. “பரவாயில்லைங்க ஐயா” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குச் சென்றார். பின்னர் அவர் வரைந்த நூலட்டைகள் சிலவற்றைக் கடைகளில் கண்டேன். கையொப்பம் மூலையில் இல்லை. தேடியபோது, படத்தின் நடுவே, நின்றிருந்த பெண்ணின் முந்தானை மடிப்புக்குள் இருந்தது.