வயதான நாய்க்கு வயிறு வலித்தால்

முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்புறத்தை மட்டும் தூக்கி நிற்கும் நாயைப் பார்த்தால் சோம்பல் முறிக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் அதே நிலையில் நெடுநேரம் நின்றால், திரும்பத் திரும்ப அப்படிச் செய்தால், கூடவே வாந்தியும் எடுத்தால், அதற்கு வயிறு கடுமையாக வலிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கணைய அழற்சி வந்த நாய்கள் பல இப்படி நிற்கும். சில நாய்கள் இதைக்கூடச் செய்யாமல், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு வயது என்றால், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சிகிச்சை தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.

கணையம் இரைப்பையை ஒட்டியிருக்கும் சிறு உறுப்பு. இன்சுலினையும், உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளையும் அதுதான் சுரக்கிறது. அந்த நொதிகள் குடலுக்குப் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். நோயில் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, தம்மைச் சுரந்த உறுப்பையே அரிக்கத் தொடங்குகின்றன. வலி, வாந்தி, நீர்ச்சத்துக் குறைவு எல்லாம் அதிலிருந்து வருகின்றன.

எந்த வயதிலும் வரலாம். நடுவயதைத் தாண்டிய நாய்களிடமே அதிகம். ரத்தத்தில் கொழுப்பு கூடுதலாக இருக்கும் மினியேச்சர் ஷ்னாசர் இனம் இதற்குப் பேர்போனது. உடல் பருமன், சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பல நேரங்களில் காரணம் புலப்படுவதே இல்லை.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது பண்டிகை நாள். ஆட்டுக்கறிக் கொழுப்பு, பிரியாணி மிச்சம், எண்ணெயில் பொரித்த பலகாரம் என்று ஆளுக்கொரு கை கொடுப்பார்கள். மறுநாள் நாய் வாந்தி எடுக்கும். அது கேட்டதால் கொடுத்தோம் என்பார்கள். லாப்ரடார் கேட்காமல் இருக்காது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். ஏக்கத்தோடு பார்க்கும் அந்தக் கண்களை நம்பிப் பரிமாறினால், அவதிப்படப்போவது அந்த நாய்தான்.

நோயைக் கண்டறிய ஒரு சோதனை மட்டும் போதாது. கணையத்துக்கே உரிய லைபேஸ் நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், அறிகுறிகள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார். பிறகு டிரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, வலி நிவாரணி. இதயமோ சிறுநீரகமோ பலவீனமான முதிய நாய்க்கு டிரிப்ஸின் அளவைக்கூடப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே பழைய மருத்துவச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப்போவது நல்லது. வலிக்கிறதே என்று மனிதர்களின் இபுப்ரூஃபன், பாராசிட்டமால் மாத்திரைகளை வீட்டிலேயே கொடுப்பது நாயின் உயிருக்கே உலை வைக்கும்.

முன்பெல்லாம் கணையத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்று நாட்கணக்கில் பட்டினி போடுவார்கள். இப்போது அந்த வழக்கம் மாறிவிட்டது. வாந்தி கட்டுப்பட்டதும் கொழுப்பு குறைந்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரச் சொல்கிறார்கள். உணவே போகாவிட்டால் குடலின் உட்சுவர் நலிந்துவிடும். அமெரிக்காவில் 2022இல் இந்நோய்க்கென்றே ஃபுசாப்ளடிப் என்ற ஊசி மருந்துக்கு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. ஆனாலும் சிகிச்சையின் முதுகெலும்பு இன்னமும் நீர்ச்சத்தும் வலி நிவாரணமும் உணவும்தான்.

வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. குழைந்த சோறு, தோலும் கொழுப்பும் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சிறு பங்குகளாகப் பிரித்து நாளைக்கு நான்கைந்து வேளை கொடுக்கலாம். மஞ்சள்கரு, நெய், எருமைப்பால், பாலாடை வேண்டாம். வெங்காயம், பூண்டு எந்த நாய்க்குமே ஆகாது. சோறும் கோழியும் சில நாட்களுக்குச் சரி. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து முதலியவை குறைந்துபோகும். நிரந்தர உணவை மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலி மாத்திரையைச் சீஸுக்குள் ஒளித்துக் கொடுக்கும் வீடுகள் அதை இட்லித் துண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுக் குழந்தை என்று நாய்க்குத் தின்னக் கொடுக்கும் அத்தனை பேருக்கும் இந்தக் கட்டுப்பாடு தெரிந்திருக்க வேண்டும்.

நோய் அடிக்கடி திரும்பினால் கணையம் நிரந்தரமாகச் சேதமடையலாம். தண்ணீர் அதிகம் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரை நோயா என்று சோதிக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, மலம் அதிகமாகவும் வெளிறியும் போனால் செரிமான நொதிகள் வற்றிவிட்டன என்று ஐயப்படலாம். அதற்குக் கணைய நொதிப் பொடி இருக்கிறது. ஒவ்வொரு வேளை உணவிலும் ஆயுள் முழுக்கக் கலந்து கொடுக்க வேண்டும். பல நாய்கள் அதில் மறுபடியும் எடை கூடுகின்றன.